பதினாலாவது பெயர்

குரும்பூரில் வண்டி நின்றால் போதும், ஏறும்போதே சண்டையோடுதான் ஏறுவார்கள். இன்றைக்கும் ஞானதுரை பையை மேல்தட்டில் எறிந்துகொண்டே, "ஐசக்கு ஓசூருக்குப் போயிட்டாம்லா, இனி ஸ்லிப்புல யாரை நிறுத்தப் போறிய அண்ணாச்சி, ஒங்க மாமனாரையா?" என்றான். பிச்சைமுத்து அண்ணாச்சி அசரவில்லை. "எங்க மாமனாரு செத்துப் பன்னெண்டு வருசமாச்சு, ஆனாலும் ஒம் மச்சினனை விட நல்லாப் பிடிப்பாரு." பெட்டி முழுக்கச் சிரித்தது, எப்சிபா மட்டும் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டாள், சிரித்தால் மாட்டிக்கொள்வோம் என்று ஒரு பயம், எதில் மாட்டிக்கொள்வது, சிரிப்பதற்கு என்ன வரியா போடுகிறார்கள், இருந்தாலும் பயம். ஆனி மாசக் காற்று வாழைத்தோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. அவள் ஆறுமுகனேரியில் ஏறி ஜன்னல் சீட்டைப் பிடித்து டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாளையங்கோட்டையில்தான் எழுந்திருப்பாள், நில அளவை அலுவலகத்தில் வரைவாளர் வேலை, மாற்றலாகி ரெண்டு மாசம். இந்த நாலாவது பெட்டிக்கு ஏன் வந்தாள் என்று கேட்டால் அன்றைக்கு இதுதான் கண்ணுக்கு எதிரே வந்து நின்றது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அப்புறம் மாறாமல் இருந்ததற்குத்தான் காரணம் உண்டு.

எட்டுப் பேர். கோர்ட்டில் டவாலியாக இருக்கிற பிச்சைமுத்து, செல்போன் ரிப்பேர்க் கடை ஞானதுரை, மற்ற ஆறு பேரும் துணிக்கடை, பல்லாஸ்பத்திரி என்று ஆளுக்கொரு மூலை. எட்டுப் பேருக்கும் சேர்த்து உலகத்தில் ஒரே கவலை, குரும்பூர் ஈகிள்ஸ் கிரிக்கெட் கிளப். மாவட்ட லீக் சித்திரையில் முடிந்துவிட்டது, அடுத்த வருஷத்துக்குப் பதினாலு பெயர்களை எழுதி மாவட்ட சங்கத்தில் கொடுக்க வேண்டும், இன்றைக்கு ஐந்து மணியோடு சரி. செகரட்டரி ஆசீர்வாதம் சார் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறி, பாளையங்கோட்டையில் இறங்கி, கையோடு கொண்டுபோய்க் கொடுப்பார். கையெழுத்து அவருடையது, பெயர்கள் இந்தப் பெட்டியினுடையது, பல வருஷமாக அப்படித்தானாம். மைதானத்தில் உருளை இழுக்கிறவனும் பிட்ச்சில் பாய் விரிக்கிறவனும் ஆட்டக்காரனுக்குச் சோறாக்கிப் போடுகிறவனும் இவர்கள்தான், அப்புறம் இவர்களைக் கேட்காமல் எவன் எழுதுவான். பதிமூன்று பெயர் நேற்றோடு முடிந்துவிட்டது. காயல்பட்டினத்து முகைதீன், புதுப் பையன், இடக்கையால் வேகமாகப் போடுகிறவன், அவன் பெயரை எழுதும்போது ஒருத்தர்கூட மறுக்கவில்லை. மிச்சம் ஒரு இடம். அதில் செல்வினா, ஜெபராஜா.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க," ஞானதுரை விரல் மடக்கினான். "முகைதீன் போடுத போட்டுக்குப் பந்து பேட்டு நுனியில பட்டுப் பொறத்தாலதான் போவும். பிடிக்கதுக்கு அங்க ஒருத்தன் வேணுமா வேண்டாமா? செல்வின் பத்துக்கு ஆறு பிடிப்பான். எம் மச்சினங்கதுக்காவச் சொல்லலை." "பத்துக்கு ஆறு பிடிச்சா மீதி நாலு ஒங்க வீட்டுக்கா போவும்?" பிச்சைமுத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், கழற்றினால் கோபம் என்று அர்த்தம். "பிடிக்கவனுக்கு எடம் குடுத்துட்டுப் போடுதவனை வெளிய நிறுத்தணும்னு சொல்லுத. ஜெபராஜை. ஒம்பது வருசமா நமக்கு விக்கெட் எடுத்துக் குடுத்தவனை." கீப்பருக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிற இடத்துக்கு ஸ்லிப் என்று பெயர் என்பதையே எப்சிபா இந்த ரயிலில்தான் கற்றுக்கொண்டாள். ஜெபராஜ் என்ற பெயரைக் கேட்கும்போது மட்டும் மடியிலிருக்கிற டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள், இன்றைக்கும் பிடித்துக்கொண்டாள். ஜெபராஜ் அவள் புருஷன்.

மொதல் நாளே சொல்லியிருக்கலாம். எத்தனை தரம் இதை நினைத்தாயிற்று, நினைத்து நினைத்துத் தேய்ந்துபோன இடம் இது, ஆனாலும் மனசு அங்கேயே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு வாய் திறக்கத்தான் போனாள், என் வீட்டுக்காரர் பேரு ஜெபராஜ், உங்க டீம்லதான் ஆடுதாங்க என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அதற்குள் பிச்சைமுத்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து ஜெபராஜ் எப்படிப் பந்தைச் சுழற்றுவார் என்று காட்டத் தொடங்கிவிட்டார், ரெண்டு விரலை அகட்டி, மணிக்கட்டை மடக்கி, எட்டுப் பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். தன் சட்டையைத் தானே மடித்து வைக்கிற, சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லாமல் எழுந்துபோகிற, தெருவில் நாய் படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு நடக்கிற அந்த மனுஷனைப் பற்றியா இவர்கள் பேசுகிறார்கள். இப்போது சொன்னால் பேச்சு நின்றுபோகும், மரியாதையாக ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். இப்படியே ரெண்டு மாசம் ஆகிவிட்டால் பிறகு சொல்வதற்கு வெட்கமாகப் போய்விடுகிறது.

அவர் விளையாடி அவள் பார்த்தது ஒரே ஒரு தடவை. கல்யாணமான வருஷம், கடுகு நிறச் சேலை கட்டி, குடை பிடித்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நின்றாள், நின்ற ஓவரில் மூன்று பந்து தலைக்கு மேலே பறந்து ரோட்டில் விழுந்தது. சாயங்காலம் அவர் கோபப்படவில்லை. கால் கிலோ அல்வா வாங்கிவந்து கையில் கொடுத்து, "இனி நீ வராண்டாம் என்ன, நீ நிக்கது தெரிஞ்சா கை நடுங்குது" என்றார். அவள் நின்றால் விக்கெட் விழாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. ஒன்பது வருஷம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர் ஒரு பக்கம் சைக்கிளை மிதிப்பார், அவள் ஒரு பக்கம் சோறாக்கப் போவாள், இருட்டுவதற்கு முன் வந்து "ஜெயிச்சாச்சு" என்பார், இல்லை, "போச்சு" என்பார், அதோடு முடிந்தது கிரிக்கெட். சில நாள் எவர்சில்வர் பாத்திரம் ஏதாவது கையில் இருக்கும், பரிசு என்பார். தம்ளர், தாம்பாளம், தூக்குவாளி, அவளும் மற்றப் பாத்திரங்களோடு அடுக்கிவிடுவாள். மகள் ஷைனி பிறந்ததும், அவருடைய அம்மா தவறியதும், வீடு மாறியதும் எல்லாம் நடந்தது, வேப்பமரத்தடிக்கு மட்டும் அவள் திரும்பிப் போகவில்லை.

நாசரேத் தாண்டினால் பசிக்கும். டப்பாவைத் திறந்து வலது கையால் இட்லியைப் பிட்டுக்கொண்டு இடது கையால் டப்பாவை நெஞ்சுயரத்துக்கு ஏந்திக்கொண்டாள், வண்டி ஆடுகிற ஆட்டத்தில் மடியில் வைத்தால் மிளகாய்ப்பொடி சேலையில் கொட்டும். எதிர்ச் சீட்டில் பிச்சைமுத்து கோவில்பட்டிக் கதையை எடுத்துவிட்டார். இது நாலாவது தடவை, அவளுக்கு மனப்பாடம், இருந்தாலும் காது தானாகக் கூர்ந்துகொண்டது. கடைசி ஓவர், எதிராளிக்கு ஐந்து ரன் வேண்டும், அவர்களுடைய கேப்டன் நிற்கிறான், ஆள் நிலைக்கதவு மாதிரி இருப்பான். ஜெபராஜ் காற்றைப் பார்த்தான். "காத்தைப் பாத்தாம்வே, அதான் விசயம். மேல்காத்து இப்படி அடிக்கி, பந்தை அது கையில குடுத்தான், நீ கொண்டு போன்னு. அது வெளிய போவுது போவுதுன்னு எல்லாவனும் நெனைக்கான், அந்தக் கேப்டன் பேட்டைத் தூக்கி வழி விடுதான், கீழ விழுந்து சர்ருன்னு உள்ள வந்து நடுக் குச்சியத் தூக்கிட்டுப் போயிட்டுய்யா." பிச்சைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது, நாலாவது தடவையும் கலங்கியது. எப்சிபா பிட்ட இட்லியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பெருமையாக இருந்தது, வேறென்ன சொல்ல, பெருமையாக இருந்தது. காற்றைப் பார்க்கிறவர். வீட்டில் கொடியில் துணி போடும்போதுகூட அண்ணாந்து ஒரு நிமிஷம் நிற்பாரே, என்னத்தைப் பார்க்கிறார் என்று அவள் சலித்துக்கொள்வாளே, அது இதுதானா. இந்த மனுஷனோடு ஒன்பது வருஷம் ஒரே தட்டில் உப்புத் தொட்டுச் சாப்பிட்டு, அவர் யார் என்று கண்டுபிடிக்கக் கடைசியில் ரயிலேற வேண்டியிருந்தது.

ஆனால் கை. நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது. மூன்று வாரம் முன்னால் ஷைனி பரணில் மாட்டிக்கொண்ட பலூனை எடுத்துத் தரச் சொன்னாள், அவர் "அம்மாட்ட கேளு" என்றார், அவள் அவரைவிட அரைத் தலை குட்டை, நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள், அப்போது தோன்றவில்லை. பிறகு தலை வாருவது இடது கைக்குப் போனது. பிறகு சட்டை போடும்போது வலக்கையை முதலில் நுழைத்துவிட்டு ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது. கேட்டதற்கு "ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்துட்டேன்" என்றார். முந்தாநாள் சாயங்காலம் துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போனபோது, குளியலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், வலக்கையின் ரெண்டு விரலையும் சுவரில் வைத்து ஒன்று மாற்றி ஒன்றாக மேலே நடத்திக்கொண்டு, எறும்பு ஏறுகிற மாதிரி, ஏறி ஏறி ஒரு இடத்தில் நின்றது, பல்லைக் கடித்தார், நகரவில்லை. இடது கையால் பென்சிலை எடுத்து அந்த இடத்தில் கோடு போட்டுத் தேதி எழுதினார். அவளுடைய ஆபீஸ் பென்சில். அவர் உள்ளே போனதும் அவள் போய்ப் பார்த்தாள், நாலு தேதி, நாலும் ஒரே கோட்டின் மேல். அளப்பதுதானே அவளுக்கு வேலை, சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள், கோடு அவள் புருவத்துக்கு வந்தது. அவர் கை அவள் புருவம் வரைக்கும்தான் போகிறது. அன்றைக்குத்தான் அடுப்படியில் ஷைனி தட்டிவிட்ட தம்ளர் மேடையிலிருந்து உருண்டு விழுந்தது, அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் குனிந்து, தரைக்கு ஒரு சாண் மேலே, அதைப் பிடித்து மேடையில் வைத்துவிட்டுப் பேப்பரைத் தொடர்ந்தார், வலக்கைதான், சத்தமே இல்லை. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

"இந்த ஒரு வருசம் எபி, அப்புறம் விட்டுருதேன்" என்று காலையில் செருப்பு மாட்டும்போது சொன்னார், கேட்காமலே சொன்னார், இன்றைக்குப் பட்டியல் கொடுக்கிற நாள் என்று அவருக்கும் தெரியும். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அந்தக் கையை வைத்துக்கொண்டு போடுவார், கை அறுந்தாலும் போடுவார், வேப்பமரத்தடியில் நிற்கிற கூட்டத்தின் முன்னால் பந்து கையைவிட்டு நழுவிக் காலடியில் விழும், யாராவது சிரிப்பான், ஒருத்தன் சிரித்தால் போதும். பெயர் வராவிட்டால் சாயங்காலம் வந்து சைக்கிளைச் சாத்திவிட்டுச் சட்டையை மடித்து வைத்துவிட்டு உட்காருவார், அடுத்த ஞாயிறும் உட்காருவார், அதற்கடுத்த ஞாயிறும். இவர்களிடம் சொல்லிவிடலாமா. அவர் ஒளித்து வைத்திருப்பதை எட்டு ஆம்பிளைகள் முன்னால் அவிழ்த்து வைக்கிற பெண்டாட்டியா. சொல்லாமல் இருக்கலாமா. கை புருவம் வரைக்கும்தான், புருவம் வரைக்கும்தான், வண்டிச் சக்கரம் வேறு அதையே சொல்லிக்கொண்டு ஓடியது. அவள் டப்பாவை மூடி மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஆசீர்வாதம் சார் ஏறினார், கக்கத்தில் பச்சை ஃபைல், சட்டைப்பையில் ரெண்டு பேனா, ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. "முடிவாச்சா?" என்றார். முடிவாகவில்லை என்று எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "அப்பம் கையைத் தூக்குங்க. செல்வினுக்கு?" ஞானதுரையின் கை விறைப்பாக எழுந்தது, கூட மூன்று. "ஜெபராஜுக்கு?" பிச்சைமுத்துவோடு நாலு, அதில் ஒரு கை தயங்கித் தயங்கித்தான் மேலே வந்தது, பிச்சைமுத்துவின் கைதான் அது, எப்சிபா பார்த்துவிட்டாள், இவ்வளவு சண்டை போட்டவருக்கு என்ன தயக்கம். நாலுக்கு நாலு. ஆசீர்வாதம் சார் கடிகாரத்தைப் பார்த்தார். பிச்சைமுத்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நேரே அவளைப் பார்த்தார். "தாயி, நீயும் ரெண்டு மாசமா எங்க சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் வாற. நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா எழுதிருவோம்."

ஒன்பது முகம். வெளியே ஒரு கால்வாய்ப் பாலம் தடதடவென்று கடந்தது, அவ்வளவு சத்தத்தில் என்ன சொன்னாலும் கேட்காது, பாலம் முடியாமலே இருக்கட்டும் என்று நினைத்தாள், முடிந்துவிட்டது. ஜெபராஜ் என்று சொல்லிவிடலாம், மூணெழுத்தோ நாலெழுத்தோ, சொல்லிவிட்டுச் சாயங்காலம் ஒன்றும் தெரியாத மாதிரி அவர் சந்தோஷத்தைப் பார்க்கலாம், ஒரு மாசம் இருக்கும் அந்தச் சந்தோஷம், பிறகு அந்த மைதானம், அந்தச் சிரிப்பு. காற்றைப் பார்க்கிறவரை இவர்கள் கண்ணில் அப்படியே வைத்திருக்க வேண்டும், நடுக் குச்சியைத் தூக்கியவராக. கோடு. நாலு தேதி. ஒரே கோடு. "அவங்களுக்குக் கை மேல போகலை" என்றாள், தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் முதலில் அவளுக்கு உறைத்தது. "தெரியும் தாயி," பிச்சைமுத்து மெதுவாகச் சொன்னார். "கடைசி மேட்ச்லயே பாத்துட்டோம். காதை உரசிக்கிட்டு வாற கை, தோளோட நின்னு போச்சு. அதை வச்சிக்கிட்டும் மூணு விக்கெட் எடுத்தான். அவன் பேரை எங்க கையால எப்படி வெட்டுவோம், சொல்லு." எப்சிபா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "நான் யாருன்னு..." "மொத வாரமே தெரியும்க்கா," ஞானதுரை அவள் மடியைக் காட்டினான். "டப்பா அடியில பாருங்க." திருப்பிப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. குரும்பூர் ஈகிள்ஸ். சிறந்த பந்துவீச்சாளர். ஜெ. ஜெபராஜ். சீராக வந்த பாத்திரம் என்றல்லவா நினைத்திருந்தாள். ரெண்டு மாசமாக, தினமும், இட்லியைப் பிட்டுக்கொண்டே இதை அவர்கள் முகத்துக்கு நேரே ஏந்திப் பிடித்திருக்கிறாள், இதில் ரகசியம் காக்கிறாளாம். "ஒன்னைய அவன் கிரவுண்டு பக்கமே விட மாட்டேங்கானே," என்றார் பிச்சைமுத்து. "அதான் நாங்க இங்கன வச்சிக் காட்டுனோம்."

அந்த ஆரஞ்சுப் பழம். நாலு தடவை கோவில்பட்டி. அவ்வளவும் அவளுக்கா. அழுதுவிடக் கூடாது என்று டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், டப்பாவின் வழவழப்பில் அந்தத் தம்ளர் நினைவுக்கு வந்தது, உருண்டு விழுந்தது, சத்தமில்லாமல் நின்றது. "அண்ணாச்சி," என்றாள், கேட்கிற கேள்வி அசட்டுக் கேள்வியோ என்று பயந்துகொண்டே, "ஸ்லிப்புல நிக்கதுக்குக் கை மேல போகணுமா?" ஞானதுரை எழுந்தான், ரெண்டு சீட்டுக்கும் நடுவில் காலை அகட்டிக் குனிந்து, கைகளை முட்டிக்கு முன்னால் குவித்து நின்று பார்த்தான், நெஞ்சுவரை தூக்கிப் பார்த்தான். "முக்காவாசி இடுப்புக்குக் கீழதான் வரும். ஒண்ணு ரெண்டு மூஞ்சிக்கு நேரே வரும்" என்றான். "எம் புருவம் வரைக்கும் போகுது, அளந்து பாத்தேன்" என்றாள் எப்சிபா. தம்ளரைச் சொன்னாள், பேப்பரிலிருந்து கண்ணெடுக்காததைச் சொன்னாள், சொல்லச் சொல்லப் பிச்சைமுத்து மாதிரியே அவள் கையும் தானாகக் காற்றில் பிடித்துக் காட்டியது, எட்டுப் பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "பாக்காமயா பிடிச்சான்?" "பாக்காமத்தான்." ஞானதுரை இன்னும் குனிந்தபடியே இருந்தான். "சரி, எம் மச்சினனுக்கு நாஞ் சொல்லிக்கிடுதேன். வீட்டுல எனக்குச் சோறு கிடையாது, அம்புட்டுத்தானே."

ஆசீர்வாதம் சார் பேனாவைத் திறந்தார், அது எழுதவில்லை, மற்றதைத் திறந்தார். "முறைன்னா முறைதான், மறுபடியும் கையைத் தூக்குங்க." எட்டுக் கையும் எழுந்தது, ஞானதுரையுடையது எல்லாவற்றுக்கும் முன்னால். சாயங்காலம் அவரிடம் சொல்லப்போவது யார், இவர்களா, அவள்தான். இனிப் பந்து இல்லை, குனிந்து நில்லுங்கள் என்று சொல்ல வேண்டும், டப்பாவைத் திருப்பிக் காட்டிச் சொல்ல வேண்டும், ஒரு வாரம் பேசாமல் இருப்பார், இருக்கட்டும், சுவரில் அந்தக் கோடு இருக்கிறது, அதன் பக்கத்தில் தன் உயரத்தையும் குறித்துக் காட்டலாம். "நீயும் தூக்கு தாயி," என்றார் பிச்சைமுத்து. "இனி அவன் பந்து போட மாட்டாம்லா. நீ கிரவுண்டுக்கு வரலாம்." எப்சிபா வலக்கையைத் தூக்கினாள். அது புருவத்தைத் தாண்டியது, நெற்றியைத் தாண்டியது, தலைக்கு மேலே போய் மேல்தட்டின் கம்பியைத் தொட்டது. ஒரு வலியும் இல்லை. கையைத் தூக்குவது இவ்வளவு லேசான காரியம் என்று முப்பத்துநாலு வருஷமாக அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.